தலையெழுத்தும் தராசும்

நத்தம் பேருந்து நிலையத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் செல்லும் வண்டிகளை எதிர்பார்த்து நிற்கும் கூட்டத்தில், ஒரே ஆண்டில் பிறந்த இரு பெண்மணிகள் அருகருகே நிற்கக்கூடும். ஒருவர் பள்ளி ஆசிரியை. காதோரம் சிறிது நரை, கண்ணில் கண்ணாடி, நடையில் தளர்ச்சி இல்லை. மற்றவர், புளி உடைத்துக் கொட்டை நீக்கியே விரல் மடங்கிப் போனவர். முதுகு வளைந்துவிட்டது, பல் போய்விட்டது, பார்வை மங்கிவிட்டது. இருவருக்கும் வயது ஐம்பத்தைந்து. ஆனால் வண்டியின் நடத்துநர் முதல்வரை 'அக்கா' என்கிறார். அடுத்தவரை, அதே மூச்சில், 'ஆத்தா' என்கிறார்!

ஒரே ஆண்டில் பிறந்தவர்களுக்குள் ஏன் இந்த வேற்றுமை? பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். தயங்காமல் விடை வரும்: "எல்லாம் அவுங்கவுங்க தலையெழுத்து."

நல்லது. எழுத்து என்று ஒன்று இருந்தால், எழுதியவர் இருக்கவேண்டும். எழுதிய காலம் இருக்கவேண்டும். எழுதப்பட்டதைப் படிக்கவும் முடியவேண்டும். தலையெழுத்தைப் பற்றிப் பேசுவோரில் எவரும் இதுவரை அதனைப் படித்துக் காட்டியதில்லை; நடந்து முடிந்தபின், "அப்படித்தான் எழுதியிருந்தது" என்று கூறியதோடு சரி. ஆனால், கடந்த எண்பது ஆண்டுகளாக, உலகின் சில ஊர்களில் சிலர் அந்த எழுத்தை உண்மையாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கையில் ஓலைச்சுவடி இல்லை. தராசு இருக்கிறது, அளவு நாடா இருக்கிறது, ஒரு ஏடு இருக்கிறது, எல்லாவற்றையும்விட மேலாகப் பொறுமை இருக்கிறது. அவர்கள் படித்துச் சொல்வது என்ன? அதனால் நம்மீது விழும் கடமை என்ன? இவற்றையே இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

அவர்கள் செய்வது இதுதான். ஒரே காலத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறந்த அன்று எடை என்ன, தாயின் உயரம் என்ன, தந்தை என்ன தொழில் செய்தார், குடியிருந்த வீடு எப்படி என்பவை ஏட்டில் ஏறுகின்றன. பின்னர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் தேடிச் செல்கிறார்கள். குழந்தை சிறுவனாகிறான், சிறுவன் தொழிலாளியாகிறான், தொழிலாளி தாத்தாவாகிறான். ஏடு மட்டும் மூடப்படுவதில்லை. தொடங்கி வைத்த அறிஞர் ஓய்வு பெறுவார், இறந்தும் போவார். அவருடைய மாணவரின் மாணவர் அதே ஏட்டை வைத்துக்கொண்டு அதே மனிதரின் கதவைத் தட்டுவார். இதற்குத் தொடராய்வு என்று பெயரிட்டுக்கொள்வோம்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? இன்றைக்கு ஊரில் இருக்கும் இளைஞரையும் கிழவரையும் ஒரே நாளில் அளந்துவிட்டால் முதுமை விளங்கிவிடாதா?" என்று கேட்கலாம். விளங்காது. நத்தத்தில் இன்றைய இருபது வயதினரையும் எண்பது வயதினரையும் நிறுத்தி உயரம் அளந்தால், முதியோர் பல விரற்கடை குட்டையாக இருக்கக் காணலாம். உடனே, "வயதானால் மனிதன் இவ்வளவு குறுகிவிடுகிறான்" என்று முடிவு கட்டிவிடலாமா? முதுமையில் உடல் சற்றே குறுகுவது உண்மைதான். ஆனால் வேற்றுமையின் பெரும்பங்கு வேறு காரணத்தால் வந்தது: அந்த முதியவர் வளர்ந்த காலத்தில் சோறு குறைவு, இந்த இளைஞன் வளர்ந்த காலத்தில் சோறு அதிகம். முதுமையின் வேலை எது, காலத்தின் வேலை எது, ஆண்டவர்கள் செய்த வேலை எது என்பதைப் பிரித்தறிய வேண்டுமானால், ஒரே மனிதரைத் தொட்டிலிலிருந்து தொடர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், 1911ஆம் ஆண்டிலிருந்து, எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்ற சுகாதார அதிகாரியின் மேற்பார்வையில் ஒரு நல்ல பழக்கம் ஏற்பட்டது. பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் மருத்துவச்சி எடை போடுவார். ஓராண்டு முடிந்ததும், வீடு தேடி வரும் செவிலியர் மீண்டும் எடை போடுவார். அன்றைய நோக்கம் குழந்தை சாகாமல் காப்பது, அவ்வளவே. பல்லாண்டுகள் கழிந்து, டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர் அந்த ஏடுகளைத் தேடி எடுத்தனர். 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் அந்த எடைக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். பிறப்பிலும் ஒரு வயதிலும் மிகக் குறைந்த எடையோடு இருந்தவர்களிடையே, பிற்காலத்தில் மாரடைப்பு நோயால் இறந்தோர் விகிதம் மிக உயர்ந்திருந்தது!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே. அறுபது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்கிறார். "நேற்றுவரை நன்றாக இருந்தாரே!" என்கிறது ஊர். ஏடோ, அவர் தொட்டிலில் கிடந்த காலத்தைச் சுட்டிக் காட்டுகிறது.

1946 மார்ச்சில், ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைக் கொண்டு பிரிட்டனில் ஜேம்ஸ் டக்ளஸ் என்பவர் மற்றொரு தொடராய்வைத் தொடங்கினார். அதில் தொடர்ந்து கவனிக்கப்பட்டோர் 5,362 பேர். 2016இல் அவர்கள் எழுபது வயதை எட்டினர். நியூசிலாந்தின் டனிடின் நகரில், 1972-73இல் பிறந்த 1,037 பேரை இதேபோலத் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களுக்கு முப்பத்தெட்டு வயதானபோது இரத்தம், நுரையீரல், சிறுநீரகம், பல், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சோதித்து, உடலின் வயது என்ன என்று கணக்கிட்டனர். பிறந்த தேதிப்படி எல்லோரும் முப்பத்தெட்டு. உடலின்படியோ, ஒருவர் இருபத்தெட்டு, இன்னொருவர் அறுபத்தொன்று! 2015இல் இது வெளிவந்தது. பிள்ளைப் பருவத்தில் வறுமையும் துன்பமும் கண்டவர்களின் உடலே விரைந்து மூப்படைகிறது என்பதையும் பின்னர் அதே ஆய்வு காட்டிற்று. நத்தம் பேருந்து நிலையத்தில் நாம் கண்ட இரு பெண்மணிகளும் கற்பனையின் மிகையல்லர் என்பதற்கு, கடல்கடந்து ஒரு சான்று.

"மேல்நாட்டான் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு" என்று ஒதுக்கிவிட முடியாது. மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, 1934 முதல் பிறப்பு எடைகளை எழுதி வைத்திருந்தது. அங்கே பிறந்து வளர்ந்த 517 ஆண் பெண்களைத் தேடிக் கண்டு சோதித்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். ஐந்தரைப் பவுண்டும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு இதயத் தமனி நோய்; ஏழு பவுண்டும் அதற்கு மேலுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கே அந்த நோய்.

நம் தமிழகத்திலேயே, வேலூர் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் குறித்து வைத்தனர். பிள்ளைப் பருவத்தில் அளந்தனர். விடலைப் பருவத்தில் அளந்தனர். இருபத்தாறு முதல் முப்பத்திரண்டு வயதுக்குள் 2,218 பேரை மீண்டும் கண்டுபிடித்துச் சோதித்தனர். டெல்லியிலும் 1969 முதல் 1972 வரை பிறந்தோரைக் கொண்டு இத்தகைய ஆய்வு நடந்து வருகிறது. இரண்டும் சொல்லும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. பிள்ளைப் பருவத்தில் மெலிந்து கிடந்து, பிறகு விரைந்து எடை கூடிய உடலே சர்க்கரை நோய்க்கு எளிதில் இரையாகிறது. பசியிலே உருவான உடல், குறைந்த தீனிக்கென்று தன்னை அமைத்துக்கொள்கிறது; பின்னாளில் அதன்மீது அரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் ஓய்ந்த வேலையும் வந்து குவியும்போது, தாங்க மாட்டாமல் தடுமாறுகிறது. இதனைப் பணக்கார நோய் என்று இனி எவரும் சொல்லவேண்டாம். பசி முன்னே நடக்கிறது. நோய் பின்னே வருகிறது. இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் இருப்பதால் நாம் உறவறியாமல் இருந்தோம்!

வறுமை மட்டுமே குற்றவாளி என்றும் எண்ணிவிடக் கூடாது. இலண்டனில் 1967இல் அரசு அலுவலர்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஒயிட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 18,000 ஆண்கள். ஒருவரும் பட்டினி கிடப்பவர் அல்லர். எல்லோருக்கும் நிலையான வேலை, நிலையான சம்பளம். ஆயினும், மிகக் கீழ்ப்படியில் இருந்தோரின் இறப்பு விகிதம் மிக மேல்படியில் இருந்தோரைப் போல மும்மடங்கு! நடுப்படியில் இருந்தோர் இரண்டுக்கும் நடுவே! புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் என்று அறிந்த காரணங்களையெல்லாம் கழித்துப் பார்த்தும் வேற்றுமையின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. படிக்குப் படி ஆயுள் குறைகிறது. சோறு இருந்தாலும் போதாது. தாழ்ந்து நிற்கும் நிலையே உடலை அரிக்கிறது என்பது அதன் பொருள்.

அந்த இலண்டன் அலுவலகத்தில் படிகள் இருந்தன, சாதி இல்லை. மாலை ஐந்து மணிக்கு அந்தப் படியை விட்டிறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். பிறப்பிலேயே படி குறித்து, தெருவையும் கிணற்றையும் சுடுகாட்டையும் பிரித்து வைத்த நாட்டில், அந்தப் படி உடலின்மீது என்னென்ன எழுதியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணுங்கள். சாதிக் கொடுமை மனத்தைப் புண்படுத்துகிறது என்று பேசி வந்தோம். அது மட்டுமன்று. எலும்பிலும் இரத்தத்திலும் அது கணக்கு எழுதுகிறது என்று இனிப் பேசவேண்டும்.

இங்கே நம் தோழர் ஒருவர் குறுக்கிடுகிறார். கூர்மையான கேள்வியோடு வருகிறார். "பிறந்த நேரத்தை வைத்து ஆயுளைக் கணிப்பவனை ஏமாற்றுக்காரன் என்கிறீர்கள். பிறந்த எடையை வைத்து இதயத்தைக் கணிப்பவனை அறிஞன் என்கிறீர்கள். சோதிடன் போய்ப் புள்ளிவிவரக்காரன் வந்தான். சாதகம் போய் எடைச்சீட்டு வந்தது. ஏழைக்கு இரண்டும் ஒன்றுதானே?"

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க மாட்டோம். இதற்கு விடை சொல்ல முடியாவிட்டால், இந்த ஆராய்ச்சியைப் புகழும் உரிமை நமக்கு இல்லை.

மைசூர்க் கணக்கையே மீண்டும் பாருங்கள். குறைந்த எடையோடு பிறந்தவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு நோய். அப்படியானால், எண்பத்தொன்பது பேருக்கு அந்த நோய் இல்லை! தராசு ஒரு தனி மனிதனைப் பார்த்து, "உனக்கு இது நேரும்" என்று சொல்வதே இல்லை. ஒரு கூட்டத்தைப் பார்த்து, "உங்களில் இத்தனை பேருக்கு இது நேர்கிறது, அது நேராமல் தடுத்திருக்கலாம்" என்று சொல்கிறது. சோதிடனோ தனி மனிதனைப் பிடிக்கிறான். கூட்டத்தைக் கண்டால் ஓடுகிறான். அவனுடைய ஆயிரம் சாதகங்களை ஏட்டில் பதிந்து, ஐம்பது ஆண்டு கழித்து எத்தனை பலித்தன, எத்தனை பொய்த்தன என்று எண்ணிப் பார்க்க அவன் ஒப்புவதில்லை. தொடராய்வின் அடிப்படையே அந்த எண்ணிக்கைதான். தான் பொய்த்த இடத்தையும் அது எழுதி வைக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய வேற்றுமை மற்றொன்று. சாதகத்தில் எழுதியதை மாற்ற முடியாது. பரிகாரம் என்ற பெயரில் பணத்தைத்தான் கைமாற்ற முடியும். ஏட்டில் எழுதியதை மாற்ற முடியும், மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். ஐதராபாத் நகருக்கு அருகே 29 சிற்றூர்களில், 1987 முதல் 1990 வரை ஒரு சோதனை நடந்தது. சில ஊர்களில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது. மற்ற ஊர்களில் அத்திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. பிள்ளைகள் விடலைப் பருவம் எய்தியபோது தேடிச் சென்று அளந்தனர். உணவு பெற்ற ஊர்ப் பிள்ளைகள் சராசரி 14 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தனர். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிகோலும் குறிகளும் அவர்களிடம் குறைந்திருந்தன. குவாட்டமாலா நாட்டுச் சிற்றூர்களில், 1969 முதல் 1977 வரை, குழந்தைகளுக்குச் சத்துக் கஞ்சி வழங்கிப் பார்த்தனர். முதல் இரண்டு வயதுக்குள் அதனைப் பருகிய ஆண்கள், வளர்ந்து வேலைக்குப் போனபோது, மணிக்கணக்கில் பெற்ற கூலி 46 விழுக்காடு அதிகம் என்று 2008இல் கண்டனர். ஒரு கிண்ணம் கஞ்சி தலையெழுத்தைத் திருத்தி எழுதிற்று!

இந்திய நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவு உண்ட சிறுமியர் தாயானபின், அவர்களுடைய குழந்தைகளின் உயரத்தில் அந்த உணவின் பயன் தெரிகிறது என்று 2021இல் ஓர் ஆய்வு காட்டிற்று. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தந்தபோதும், 1956இல் மாநிலமெங்கும் மதிய உணவு தொடங்கியபோதும், "சோறு போட்டால் படிப்பு வருமா?" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. சோறு படிப்பைத் தந்தது. அதோடு நிற்காமல், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையின் எலும்புக்கும் வலுவைத் தந்தது என்கிறது ஏடு.

ஆயினும், தோழரின் ஐயத்தில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. அதனை நாம் போற்றுகிறோம். தராசைச் சாதகமாக்கிவிடக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "பெண் எத்தனை கிலோவில் பிறந்தாள்?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் நாள் வரக்கூடும். "குறை எடையில் பிறந்தவருக்குக் காப்பீட்டுக் கட்டணம் அதிகம்" என்று வணிகம் கணக்குப் போடக்கூடும். எல்லாவற்றையும்விடக் கொடிது, தாயின்மீது பழி போடுவது. "வயிற்றில் இருந்தபோது அவள் சரியாக உண்ணவில்லை, அதனால்தான் மகனுக்கு மாரடைப்பு" என்று தீர்ப்பு எழுதிவிட்டால், ஆராய்ச்சியின் பெயரால் ஓர் அநீதி அரங்கேறும். அவள் ஏன் உண்ணவில்லை? வீட்டார் எல்லோரும் உண்டபின், பானையின் அடியில் எஞ்சியதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்று கற்பித்தவர் யார்? கருவுற்ற நிலையிலும் களையெடுக்கப் போகவேண்டிய கூலியை நிர்ணயித்தவர் யார்? தராசின் முள் தாயிடம் நின்றுவிடக் கூடாது. அவளைத் தாண்டி, வீட்டை, தெருவை, ஊரை, ஆட்சியைச் சுட்டும்வரை அது நகரவேண்டும்.

நம் நாட்டில் முதுமைக்கென்றே ஒரு பெரிய தொடராய்வு தொடங்கியிருக்கிறது. இந்திய முதியோர் நெடுங்கால ஆய்வு. சுருக்கமாக 'லாசி' என்பர். மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணையோடு நடத்துகிறது. முதல் சுற்று 2017-18இல் நடந்தது. 72,250 பேரைக் கண்டனர். 2021 சனவரியில் அறிக்கை வந்தது. அறுபதிலிருந்து தொடங்காமல் நாற்பத்தைந்திலிருந்து தொடங்கியதே அதன் சிறப்பு. நடுவயது என்பது முதுமையின் விதைப்புக் காலம்; அறுபதில் அறுவடையாவது நாற்பத்தைந்தில் முளைவிட்டிருக்கும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. அதன் கிளையாக, அறுபதைக் கடந்த 4,096 பேரை நினைவாற்றல் குறித்துச் சோதித்து, நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் உண்டு என்று மதிப்பிட்டனர். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கல்வி மறுக்கப்பட்டவர்களிடம் அதிகம். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஆடு மேய்க்க அனுப்பியவர்கள், அவளுடைய எழுபதாம் வயதில் அவள் பெற்ற மகளின் பெயரையே அவள் மறக்கும்படி ஆகலாம் என்று எண்ணியிருப்பார்களா?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் அறுபதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. கேரளத்துக்கு அடுத்த நிலையில் நாம் இருக்கிறோம். ஆகவே இது எங்கோ நடக்கும் செய்தியன்று. நத்தத்தின் ஒவ்வொரு தெருவையும் தொடும் செய்தி.

நம் வட்டாரத்திற்கு இந்தத் தராசு புதிதுமன்று. நத்தத்திற்குக் கிழக்கே, மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான், 1980இல், தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவது. எடை ஏறாத குழந்தைக்கு உணவு தருவது. ஒவ்வொரு எடையையும் அட்டையில் புள்ளியிட்டுக் கோடு இழுப்பது. அன்று தராசில் தொங்கி அழுத அந்தக் குழந்தைகளுக்கு இன்று வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது. லாசி தேடும் நடுவயதினர் அவர்களே! மாந்தோப்பில் கூலிக்கும், தையல் எந்திரத்தின் முன்னே ரெடிமேட் சட்டைக்கும், திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களில் அவர்களும் இருப்பார்கள். எந்த வீட்டுப் பரணிலேனும் அந்த அட்டை ஒன்று எஞ்சியிருந்தால், அதனைப் பழைய குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் செவிலியரும், தாம் எழுதுவது எழுபது ஆண்டு கழித்து எதற்குப் பயன்படும் என்று அறிந்து எழுதவில்லை, ஒழுங்காக எழுதினார், எழுதியதை அடுத்து வந்தவர்கள் காத்தனர், அவ்வளவுதான்.

எழுதி வைக்காத நாட்டில் முதுமையை அறிவது எவ்வளவு கடினம்! கணக்கெடுக்க வரும் பெண், திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆத்தா, உங்களுக்கு என்ன வயசு?"

"வயச எழுதி வச்சா தாயி எங்களை வளத்தாக? தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோச்சே, அந்தப் புயலப்ப நான் எங்காத்தா இடுப்புல இருந்தேனாம். நீயே கூட்டிக்க."

அந்தப் புயல் 1964 டிசம்பரில் அடித்தது. கூட்டிக்கொள்ளலாம்தான், ஓராண்டு முன்பின் இருக்கும். சாதகம் மட்டும் நாழிகை தவறாமல் எழுதப்பட்ட வீடுகளுக்குப் பக்கத்திலேயே, பிறந்த ஆண்டைக்கூட எழுதுவாரற்ற வீடுகள் இருந்தன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்குமாக வந்தது 1969இல்தான். யாருடைய பிறப்பு எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதிலேயே நம் சமுதாயத்தின் வரலாறு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடராய்வின் ஏட்டில், இருப்பவர்களைவிட இல்லாதவர்களே அதிகம் பேசுகிறார்கள். கேட்கத்தான் காது வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்காரரைத் தேடிச் செல்லும் ஆய்வு, நாற்பதில் இறந்தவரைக் காண்பதில்லை. வாக்கப்பட்டு வேறு மாவட்டம் போன பெண்ணைக் கண்டுபிடிப்பது கடினம். செங்கற் சூளைக்குக் குடும்பத்தோடு போனவனின் வீடு பூட்டிக் கிடக்கும். மிக அதிகமாகத் துன்புற்றவர்களே முதலில் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "நிலைமை அவ்வளவு மோசமில்லை" என்று கூறுவது, கரையேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு வெள்ளத்தில் ஆளிழப்பு இல்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும். நேர்மையான ஆய்வாளர் விடுபட்டோரையும் கணக்கில் எழுதுகிறார். ஏன் விடுபட்டனர் என்று தேடுகிறார். நேர்மையான சமுதாயம், விடுபட்டவர்களுக்காகவே முதலில் கேள்வி கேட்கவேண்டும்.

அளந்தவர்களுக்கும் கடமை உண்டு. ஒரு மனிதர் ஐம்பது ஆண்டுகளாகத் தம் இரத்தத்தைத் தருகிறார். தம் வீட்டுக் கதையைத் தருகிறார். மறைக்க வேண்டியதையும் மறைக்காமல் தருகிறார். அவருக்கு என்ன கிடைக்கிறது? அவர் பெற வேண்டிய சிகிச்சையை அவருக்குச் சொல்லவேண்டும். அவர் இரகசியத்தைக் காக்கவேண்டும். கண்டறிந்த உண்மையை அவருடைய மொழியில், அவருடைய ஊரில் வந்து உரைக்கவேண்டும். "உடலை எடுத்துக்கொள்கிறோம், அறிவை எங்கள் மொழியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது அறிவின் பெயரால் நடக்கும் சுரண்டல்.

இளந்தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். நத்தம் மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெயும் வழுவழுப்பும் பூசிய மரத்தில் இளைஞர்கள் ஏறுவதும் சறுக்குவதும் ஒரு விளையாட்டு. அங்கே எல்லோரும் தரையிலிருந்து தொடங்குகிறார்கள். ஆதலால் விழுந்தவனும் சிரித்துக்கொண்டே எழுகிறான். வாழ்க்கை என்ற மரத்தில் சிலரைப் பாதி உயரத்தில் ஏற்றி வைத்துவிட்டு, சிலரைக் குழிக்குள் நிறுத்திவிட்டு, "யார் முன்னே போகிறார் பார்ப்போம்" என்கிறார்கள். அந்தக் குழியின் ஆழத்தை அளந்து சொல்லும் கோல்தான் தொடராய்வு. அளந்து சொல்வது அதன் வேலை. குழியை மூடுவது நம் வேலை.

உங்கள் தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பும் பதிவாகிறதா என்று பாருங்கள். அங்கன்வாடியில் தராசு இருக்கிறதா, எடை உண்மையாக எழுதப்படுகிறதா என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் கதையைக் கேட்டு, பிறந்த ஆண்டையும் செய்த வேலையையும் கண்ட நோயையும் எழுதி வையுங்கள். கருவுற்ற பெண் கடைசியில் உண்ணும் வழக்கத்தை உங்கள் வீட்டிலேயே முதலில் ஒழியுங்கள். கணக்கெடுக்க வருபவரை வாசலில் நிறுத்தாதீர்கள், அதே வேளையில், "எதற்காக எடுக்கிறீர்கள்? முடிவை எப்போது எங்களுக்குச் சொல்வீர்கள்?" என்று கேட்காமலும் விடாதீர்கள்.

மீண்டும் பேருந்து நிலையத்துக்கு வருவோம். வண்டி வந்துவிட்டது. ஆசிரியை ஏறிவிட்டார். புளி உடைத்த கைகள் கம்பியைப் பற்ற முடியாமல் தடுமாறுகின்றன. அந்த அம்மையாருக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுவது நல்ல பண்பு, செய்யுங்கள். ஏற்றிவிட்டபின், யாரேனும் பெருமூச்சு விட்டு, "தலையெழுத்து" என்று சொன்னால், அமைதியாகச் சொல்லுங்கள்: "எழுத்து உண்மைதான் ஐயா. எழுதியது நாம்தான். அழித்து எழுதவும் நம்மால் முடியும்."

அதே நேரத்தில், நத்தத்தில் எங்கோ ஒரு வீட்டில், ஒரு குழந்தை தராசில் வைக்கப்படுகிறது. அதன் முதுமை இன்று தொடங்குகிறது.